18 குப்பங்களின் கணக்கு

திருவதிகைக்கு அருகே ஓடும் கெடிலம் கடலூரில் தேவனாம்பட்டினத்தை ஒட்டிக் கடலில் கலக்கிறது. தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், மாவட்டத்தின் தென்னெல்லையில் கொள்ளிடமும் கடலைச் சேர்கின்றன. இந்த இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களுக்கு நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கில், சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் பலிகொண்டது. பக்கத்து நாகப்பட்டினத்தில் பலி 6,000ஐத் தாண்டியது. அந்தத் துயரத்தின் ஊடே ஆறுதலாக ஒரு செய்தியும் பரவியது: பிச்சாவரத்துக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றிவிட்டது. இருபது ஆண்டுகளாக மேடையிலும் பத்திரிகையிலும் இது சொல்லப்பட்டு வருகிறது. இதில் எத்தனை பங்கு உண்மை என்று அறிஞர்கள் நடத்திய வழக்கு பொதுமக்களிடம் அவ்வளவாக வந்து சேரவில்லை. அந்த வழக்கு நம் ஊர் மண்ணில் எடுத்த கணக்கை வைத்து நடந்தது. ஆராய்ச்சி என்பது எப்படி வேலை செய்கிறது, அதை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நமக்கு வெளியூரில் தேவையில்லை.

சிதம்பரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கரையில், கடல்வாழ் உயிரியல் மையம் ஒன்று உண்டு. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா வித்திட்டு வளர்த்த நிலையம் அது. சுனாமி வந்து போன பிறகு அந்த மையத்தின் கே. கதிரேசனும், அவருடன் என். ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்தில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குப்பத்திலும் எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்து போனது, குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தூரம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கடலுக்கும் ஊருக்கும் இடையே மரஞ்செடிகள் நின்ற பரப்பு எவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள். தூரம் கூடக் கூட, உயரம் கூடக் கூட, மரங்களின் பரப்பு கூடக் கூட, சாவும் இழப்பும் குறைந்திருந்தன. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டு நிலத்தில், அடர்ந்த அலையாத்தி அல்லது வேறு கரையோரத் தாவரங்களுக்குப் பின்னால் மக்களைக் குடியமர்த்த வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கரையோர நீர்நிலைகளைப் பற்றிய ஒரு சர்வதேச ஆய்விதழில் 2005இல் அது வெளிவந்தது. பட்டியலும் கூடவே வெளிவந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியல்தான் அடிப்படை.

அதே ஆண்டு அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில், இதே கடலூர்க் கரையைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. டென்மார்க்கின் ஃபின் டேனியல்சன் தலைமையிலான அந்தக் குழுவில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி. செல்வமும் இருந்தார். சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். வளைவு நெளிவு அதிகமில்லாத, கடலடித் தரையும் ஏறக்குறைய ஒரே சீராக உள்ள கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பக்கம் கடற்கரையிலேயே இருந்த 2 ஊர்கள் அடியோடு அழிந்திருந்தன. அலையாத்திக்குப் பின்னால் இருந்த 3 ஊர்களில் அழிவில்லை. அந்த ஊர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் மரமில்லாத இடங்களில் அலை புகுந்து நாசம் செய்திருந்தது. தெற்கே சவுக்குத் தோப்புகளுக்குள் இருந்த 5 ஊர்களுக்கு ஓரளவு சேதம்தான். தோப்பில் கடலைப் பார்த்த முதல் சில வரிசை மரங்கள் மட்டும் பிடுங்கப்பட்டிருந்தன. ஆக, ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள், ஏறத்தாழ ஒரே முடிவு. விஷயம் முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

2006இல் அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்ட், ஸ்டூவர்ட் கேம்பல் என்ற மூவர் பரங்கிப்பேட்டைப் பட்டியலை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நிலம் அதிகம். நிலம் அதிகமானால் அதில் மரம் நிற்கும் பரப்பும் அதிகமாகத்தான் இருக்கும். அப்படியானால் அந்த ஊரில் சாவு குறைந்தது மரத்தாலா, தூரத்தாலா? தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் சேர்க்காமல், மரத்தையும் சாவையும் மட்டும் ஜோடி சேர்த்தால், தூரம் செய்த வேலைக்கும் மரமே பேர் வாங்கிக்கொள்ளும். ஒரே தூரம், ஒரே உயரம் உள்ள ஊர்களாக வைத்து ஒப்பிட்டபோது, சாவு விகிதத்தில் கண்ட ஏற்றத்தாழ்வில் 87 சதவீதம் உயரத்தாலும் தூரத்தாலுமே விளங்கிவிட்டது என்றார்கள். மரங்களின் பரப்பைச் சேர்த்ததால் கூடுதலாக விளங்கியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரிய அரசு மருத்துவமனையில் தெருமுனை கிளினிக்கைவிட அதிகம் பேர் இறக்கிறார்கள் என்பதற்காக, தெருமுனை டாக்டர்தான் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டோம். உயிருக்குப் போராடுகிறவர்களைத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். குப்பங்களின் விஷயத்தில் அந்த மறைந்த காரணம் அவ்வளவு வெளிப்படையாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணி கடலோர ஆய்வுக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவத்தில், மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயநோய் குறையும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. எடுத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வசதியும் உடல்நல அக்கறையும் உள்ள பெண்கள். சீட்டுக் குலுக்கல்போல் ஒரு பகுதியினருக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய சோதனை, 2002இல் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. நிதித் துறையில், பத்து ஆண்டுகளாக நடந்துவரும் மியூச்சுவல் ஃபண்டுகளின் சராசரி லாபத்தைக் காட்டி விளம்பரம் செய்தால், நடுவில் நஷ்டப்பட்டு மூடப்பட்ட ஃபண்டுகள் அந்தச் சராசரியில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாடிக்கையாளர் நடத்தை பற்றிய ஆய்விலும் இதே கதைதான். தேடுபொறியில் தன் பெயருக்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்துவந்த இபே நிறுவனத்தில், பொருளியல் ஆய்வாளர்கள் சில இடங்களில் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்தவர்கள் அது இல்லாமலே வந்தார்கள். அவர்கள் எப்படியும் வரவிருந்தவர்கள். உயிரியலானாலும் வணிகமானாலும் கேள்வி ஒன்றே: இது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தக் கேள்விக்கு மிகச் சுத்தமான விடை கிடைத்த ஆய்வு ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்துப் படுக்கவைத்து நல்ல சாப்பாடு கொடுப்பது அவசியமா என்று சோதித்தது. யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கோ நோயாளியின் வசதிக்கோ விடவில்லை. சீட்டுப் போடுவதுபோல் எதேச்சையாகப் பிரித்தார்கள். அதனால் ஏழ்மை, நோயின் தீவிரம், குடும்ப நிலை எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்தன. 1959இல் முடிவு வந்தது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு, வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறைக்கு அது வழி திறந்தது. ஆனால் சுனாமியை அப்படிச் சீட்டுப் போட்டுப் பிரிக்க முடியாது. எந்தக் குப்பம் காட்டுக்குப் பின்னால், எந்தக் குப்பம் மணல்திட்டின் மேல் என்பதை ஆறும் கடலும், சாதியும் தொழிலும், வறுமையும் பல நூறு ஆண்டுகளாகத் தீர்மானித்து வைத்திருக்கின்றன. பேரிடர் ஆய்வில் கணக்குப் போடுகிறவரின் கவனத்துக்கு இத்தனை கனம் கூடுவது இதனால்தான்.

விமர்சனம் வந்ததோடு விவாதம் நிற்கவில்லை. கதிரேசனும் ராஜேந்திரனும் அதே இதழில் பதில் எழுதினார்கள். வெர்மாட், தம்பன்யா என்ற வேறு இரு ஆய்வாளர்கள் அதே 18 குப்பங்களை வேறு விதமாகத் தொகுத்து, அலையாத்தி உதவியது என்றே முடிவு சொன்னார்கள்; பிறகு தங்கள் கணக்குக்கே ஒரு திருத்தத்தையும் வெளியிட்டார்கள். ஒரே பட்டியலில் இருந்து இத்தனை முடிவா என்று வாசகருக்கு அலுப்பு வரலாம். என் கணிப்பில் இங்கே யாரும் நேர்மை தவறவில்லை. 18 என்பது சிறிய எண். தூரம், உயரம், மரம் என்று ஒன்றோடொன்று பிணைந்த மூன்று காரணங்களை 18 ஊர்களைக் கொண்டு பிரித்தெடுப்பது கடினம். கணக்கு முறையைச் சற்று மாற்றினால் விடை புரண்டுவிடுகிறது என்பதே அந்தப் பட்டியலின் எல்லையைக் காட்டுகிறது. சண்டை எங்கே நடக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தூரமும் உயரமும் உயிரைக் காத்தன என்பதில் ஒருவருக்கும் மாறுபாடு இல்லை. கருத்து வேறுபாடு, மீதி இருக்கும் சிறு பங்கைப் பற்றியது மட்டுமே. அறிஞர்களே ஒத்துப்போகவில்லையே, நாங்கள் யாரை நம்புவது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: எதில் ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அது பெரும்பாலும் வாழ்க்கைக்கு வேண்டிய பெரிய பகுதியாக இருக்கும்.

ஒடிசாவில் இந்தக் கேள்வியை இன்னும் பெரிய அளவில் கேட்டவர் பொருளியலாளர் சௌதாமினி தாஸ். 1999 அக்டோபரில் அந்த மாநிலத்தைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். கேந்திரபாரா மாவட்டத்தில் 400க்கும் மேற்பட்ட கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஜெஃப்ரி வின்சென்டுடன் சேர்ந்து 2009இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கடலிலிருந்து தூரம், நிலத்தின் உயரம், மக்களின் பொருளாதார நிலை என்று பலவற்றையும் கணக்கில் சேர்த்த பின்பும், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்தி இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்று காட்டியது. பரங்கிப்பேட்டைக் கணக்கில் விழுந்த கேள்விக்கு இது வலுவான பதில். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: முன்னெச்சரிக்கை கொடுத்து மக்களை வெளியேற்றியது காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது. மேலும் அது புயல், சுனாமி அல்ல. புயல் அலை ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடி இடைவெளியில் வந்து அடிக்கும். வேரும் கிளையும் அதன் விசையை உடைக்கும். சுனாமியில் பல நிமிடங்களுக்குக் கடலே உயர்ந்து உள்ளே நடந்து வருகிறது. சிறிய சுனாமியை அடர்ந்த காடு தணிக்கலாம். பெரியது காட்டையே பிடுங்கிவிடும். இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் நடந்த 2011 ஆய்வொன்று, ஊருக்கு முன்னால் நின்ற மரங்கள் சாவைச் சராசரியாக 5 சதவீதம் குறைத்தன என்றும், ஊருக்குப் பின்னால் நின்ற அடர்ந்த மரங்களோ ஆபத்தைக் கூட்டின என்றும் கண்டது. மரம் நல்லது என்ற ஒரு சொல்லில் இதையெல்லாம் அடக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காட்டுக்குப் பின்னால் இருந்து பிழைத்தவர்கள் கண்ணால் கண்டார்களே, தண்ணீர் காட்டுக்குள் புகுந்து வேகம் அடங்கியதை? அவர்கள் சாட்சியத்தை நான் துளியும் தள்ளவில்லை. டேனியல்சன் குழு கண்ட 3 ஊர்களின் நிலையும், இருபுறமும் மரமில்லாத இடங்கள் சிதைந்ததும் அந்தச் சாட்சியத்துக்குத் துணை நிற்கின்றன. ஆனால் பிழைத்தவர் சொல்லக்கூடியது நடந்ததை. நடக்காமல் போனதைச் சொல்ல எவராலும் இயலாது. காடு இல்லாமல் அதே இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் மட்டும் இருந்திருந்தால் தண்ணீர் ஊருக்குள் எவ்வளவு வந்திருக்கும் என்பதற்குக் கண் சாட்சி கிடையாது. அதற்குத்தான் கணக்கு வேண்டியிருக்கிறது. எம்.ஜி.ஆர். திட்டு என்ற குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் அது இருந்தது. அலை அதை அழித்துவிட்டது. அங்கே இருந்தவர்களுக்குக் காடு முதுகுப் பக்கம்தான் இருந்தது. அந்த ஊரின் அழிவைக் காடு இல்லாததால் வந்தது என்பதா, கடலை ஒட்டி இருந்ததால் வந்தது என்பதா?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது, அதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இப்படிச் சந்தேகம் கிளப்பினால் இறால் பண்ணைக்காரருக்கும் நிலம் வாங்கி விற்பவருக்கும்தானே லாபம்? சுனாமியால் அதிகம் பாதிக்கப்பட்ட 5 நாடுகளில் 1980க்கும் 2000க்கும் இடையே அலையாத்தியின் பரப்பு 26 சதவீதம் குறைந்துபோனது என்று டேனியல்சன் கட்டுரையே சுட்டியிருந்தது. அழிப்பவர்கள் கையில் ஆயுதம் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதனாலேயே, உடையக்கூடிய ஒரே காரணத்தின் மேல் காட்டைத் தூக்கி வைக்கக் கூடாது என்கிறேன். பிச்சாவரத்துக் கால்வாய்களில்தான் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. கையாலேயே தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதுதான் வயல். மண்ணை அரிப்பிலிருந்து பிடித்து வைப்பது அது. புயலில் உதவும் என்பதற்கு ஒடிசாவில் வலுவான ஆதாரம் இருக்கிறது. இத்தனை காரணம் இருக்க, சுனாமியைத் தடுக்கும் சுவர் என்ற பட்டம் மட்டுமே காட்டுக்கு ஆதரவாக நின்றால், ஒருமுறை பெரிய அலை அதைத் தாண்டிவிட்ட மறுநாளே காட்டை வெட்டக் கேட்பவர்களுக்கு வாய் திறந்துவிடும்.

மரம் நடுவதால் கெடுதல் என்ன, உதவினால் உதவட்டுமே என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. சில இடங்களில் இயற்கையான மணல்மேடுகளின் மேலேயே நடப்பட்டதைச் சூழலியலாளர்கள் கண்டித்தார்கள். கடலாமை முட்டையிடும் மணலும் அதில் போனது. உயரம்தான் உயிரைக் காக்கிறது என்றால், கரையோரத்தில் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் உயரம் அந்த மணல்மேடுதான். அதைக் கலைத்துவிட்டுச் சவுக்கு வைப்பது காப்பதாகாது. தூரத்தைப் பற்றியும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அதற்கு அப்பால் போனால் புது வீடு, போக மறுத்தால் அரசு உதவி கிடையாது என்று 2005 மார்ச்சில் தமிழக அரசின் ஆணை வந்தது. படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய மீனவருக்கு ஒவ்வொரு நூறு மீட்டரும் உழைப்பும் செலவும்; விட்டுப்போகும் கரை யார் கைக்குப் போகுமோ என்ற அச்சமும் கூடவே இருந்தது. காடு காக்கும் என்பது உறுதியானால் அவர்களைக் கரையிலேயே இருக்கவிடலாம். காக்காது என்றால் அந்த நம்பிக்கையே அவர்களைக் கொல்லும். ஒரு சதவீதமா, ஐந்து சதவீதமா, ஐம்பதா என்ற கணக்கு நேரே குப்பத்து வாசலில் வந்து நிற்கிறது. 2007 முதல் ஐதராபாத்திலிருந்து இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் செய்தி ஒவ்வொரு திட்டுக்கும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

எந்த ஆபத்துக்கு எந்த மரம் என்பதை இதே மாவட்டம் இன்னொரு முறையும் காட்டியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், கரையோரத்தோடு நிற்காமல் உள்நாட்டில் திருவதிகையும் பண்ருட்டியும் உள்ள பகுதி வரை முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. பல தலைமுறை நின்ற பலா மரங்கள் ஒரு காலைப்பொழுதில் விழுந்தன. அங்கே மரம் கேடயமாக நிற்கவில்லை, மரமே இழப்பு. மூலதனமும் ஓய்வூதியமும் பெண்ணின் கல்யாணச் செலவும் அந்த மரத்தில்தான் இருந்தன. அலையும் காற்றும் வேறு, அலையாத்தியும் முந்திரியும் வேறு. ஒரு பேரிடரில் கிடைத்த முடிவை அடுத்ததற்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரியான காரணத்தைக் கண்டுபிடிப்பதால் என்ன பயன் என்பதற்குப் பிச்சாவரத்துக்குள்ளேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. காட்டின் பெரும் பகுதி பட்டுப்போனதற்கு, மாடு மேய்த்து விறகு வெட்டிய உள்ளூர் மக்கள்தான் காரணம் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தை அளந்து பார்த்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாகக் காட்டை மொத்தமாக வெட்டி எடுத்த நிர்வாக முறையால், வெயில் பட்ட சேற்றுமண் வற்றித் தாழ்ந்து குழியாகிவிட்டிருந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, மண்ணில் உப்பு தாங்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. காரணம் புரிந்ததும் வைத்தியமும் மாறியது. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள்போல் கிளை பிரியும் கால்வாய்களை வெட்டி ஓதம் ஏறி இறங்க வழிசெய்தார்கள். உப்பு கழுவப்பட்டது, வெண்கண்டல் கன்றுகள் பிடித்தன. குற்றவாளி என்று சுட்டப்பட்டவர்களே காட்டை மீட்கும் கைகளாக மாறினார்கள்.

பரங்கிப்பேட்டைப் பட்டியலுக்கு இன்று இருக்கும் பெரிய குறை, அது பேரிடருக்குப் பின்னால் எடுக்கப்பட்டது என்பது. தேவனாம்பட்டினம் முதல் கொள்ளிடக் கரை வரை ஒவ்வொரு குப்பத்துக்கும் நிலத்தின் உயரம், கடலிலிருந்து வீடுகளின் தூரம், நடுவே நிற்கும் மரத்தின் வகையும் அகலமும், மணல்மேட்டின் உயரம், ஓடித் தப்பும் வழி, எச்சரிக்கை வந்துசேரும் நேரம் ஆகியவற்றை இப்போதே அளந்து எழுதி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அளக்கத் தெரிந்த ஆட்கள் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் ஆய்விதழில் மட்டும் கிடக்காமல், தமிழில் அச்சாகி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். தன் ஊரின் உயரம் தப்பாகப் போட்டிருந்தால் ஒரு மீனவர் எழுந்து அதைத் திருத்தச் சொல்லும்படி.